இரவல் அதிகாரம்: மன்மோகன் சிங்கின் அரசியல் வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

1999 மக்களவைத் தேர்தலில் தெற்கு டெல்லித் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் மன்மோகன் சிங். 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பலனை முதலில் அனுபவித்த நடுத்தர வர்க்கம் நிறைந்த தொகுதி அது. அங்கேயே பாஜகவின் விஜய் குமார் மல்ஹோத்ராவிடம் சுமார் 30,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அதற்கு முன்பும் பின்பும் மக்களிடம் நேரடியாக வாக்குக் கேட்டு அவர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஐந்தே ஆண்டுகளில் அவர் நாட்டின் பிரதமரானார். பத்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

நம்மிடையே அவரைப் பற்றிய பேச்சு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு பக்கம், 1991-இல் நிதியமைச்சராகத் திவாலாகும் நிலையில் இருந்த நாட்டைக் கரையேற்றியவர். இன்னொரு பக்கம், வாயைத் திறக்காத பிரதமர். முதலாவதைச் சொல்கிறவர்கள் இரண்டாவதற்குக் கூட்டணிக் கட்சிகளைக் குறை சொல்வார்கள். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் முதலாவதன் பெருமை முழுவதையும் அன்றைய பிரதமர் நரசிம்ம ராவிடம் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே இயல்பிலிருந்து வந்தவை என்பது என் கருத்து. அறிவு அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அதிகாரம் மட்டும் எப்போதும் பிறர் கொடுத்தது. யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், கொடுத்தவர் பின்னால் நின்றாரா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுப் பார்த்தால்தான் இந்த வாழ்க்கை விளங்கும்.

கோப்பில் எழுதும் பழக்கம்

1932 செப்டம்பர் 26 அன்று, இன்றைய பாகிஸ்தானின் சக்வால் மாவட்டத்தில் உள்ள கா என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் சிறு வயதிலேயே இறந்துவிட, பாட்டி வளர்த்தார். மின்சாரம், குடிநீர் வசதி, மருத்துவமனை, சாலை எதுவும் இல்லாத ஊர். படிப்பு உருதுவில். பிரதமரான பிறகும் அவருடைய இந்தி உரைகளை உருது எழுத்தில்தான் எழுதிக் கொடுத்தார்கள். 1947 பிரிவினையில் குடும்பம் அமிர்தசரஸுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பஞ்சாப் பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு என எல்லாமே உதவித்தொகையிலும் முதல் வகுப்பிலும் நடந்த பயணம்.

1962-இல் ஆக்ஸ்போர்டில் அவர் கொடுத்த ஆய்வேட்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1951 முதல் 1960 வரை இந்தியாவின் ஏற்றுமதி ஏன் தேங்கியது என்பதே அதன் பொருள். உலகச் சந்தையில் நம் சரக்குக்கு இனி கிராக்கி இருக்காது, ஆகவே இறக்குமதியைக் குறைத்து எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே செய்துகொள்வதுதான் வழி என்று டெல்லியில் பலரும் நம்பிய காலம். அந்த நம்பிக்கை தவறு, தேக்கத்துக்கு நம்முடைய கொள்கைகளும் காரணம் என்று முப்பது வயதுகூட நிரம்பாத மாணவர் எண்களை அடுக்கிக் காட்டினார். 1950-களின் தொடக்கத்தில் உலக ஏற்றுமதியில் சுமார் 2 விழுக்காடாக இருந்த இந்தியாவின் பங்கு 1980-களில் அரை விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. ஆய்வேடு சொன்னது சரி என்பதற்கு நாடே சாட்சியாகிவிட்டது.

ஆனால் அந்த இடைக்காலத்தில் அவர் எங்கே இருந்தார்? ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டு அமைப்பிலும் டெல்லிப் பொருளியல் பள்ளியிலும் சில ஆண்டுகள். 1971-இல் வெளிநாட்டு வர்த்தக அமைச்சகத்தின் ஆலோசகர். 1972 முதல் 1976 வரை நிதியமைச்சகத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகர், பிறகு அதே அமைச்சகத்தில் செயலர், திட்டக் குழு உறுப்பினர். 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநர், அடுத்து திட்டக் குழுத் துணைத் தலைவர். எந்தத் தொழிலுக்கும் அரசின் உரிமம் கேட்டு நிற்கவைத்த, லைசென்ஸ் ராஜ் என்று நாம் வைகிற அந்த அமைப்பின் பெரிய நாற்காலிகளில் பாதிக்கு மேல் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

இதைச் சந்தர்ப்பவாதம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. அவர் நல்ல அதிகாரி. நல்ல அதிகாரி தன் கருத்தைக் கோப்பில் எழுதுவார், மேலே அனுப்புவார், மேலிடம் எடுத்த முடிவு தனக்குப் பிடிக்காவிட்டாலும் அதைப் பிசகில்லாமல் நிறைவேற்றுவார். இருபது ஆண்டுகள் இந்தப் பழக்கத்தில் ஊறியவர் மன்மோகன். 1991-இல் அவரைத் தூக்கிவிட்டதும், 2008-இல் அவரைக் கவிழ்த்ததும் இந்தப் பழக்கம்தான்.

1991 ஜூலை

அந்த ஆண்டு ஜூனில் இந்தியாவிடம் இருந்த அன்னியச் செலாவணி சுமார் 110 கோடி டாலர், ஏறக்குறைய இரண்டு வார இறக்குமதிக்குத்தான் காணும். 1980-கள் முழுவதும் கடன் வாங்கிச் செலவழித்தது, வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியது, வெளிநாடு வாழ் இந்தியர்கள் வைப்புத்தொகையை எடுக்கத் தொடங்கியது, டெல்லியில் அடுத்தடுத்து இரண்டு அரசுகள் கவிழ்ந்தது என எல்லாம் ஒன்றாகக் கூடிவந்த நெருக்கடி. மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தேர்தல் முடிந்தபோது காங்கிரசுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஓய்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நரசிம்ம ராவ் பிரதமரானார்.

நிதியமைச்சர் பதவிக்கு ராவ் முதலில் அணுகியது ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ஐ.ஜி. படேலை. அவர் மறுத்துவிட்டார். அடுத்து, இந்திரா காந்தியின் முதன்மைச் செயலராக இருந்த பி.சி. அலெக்சாண்டர் மன்மோகன் சிங்கிடம் தூது போனார். மன்மோகன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மறுநாள் வழக்கம்போல் பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்துக்குப் போய்விட்டார். அப்போது அவர் அதன் தலைவர். ராவ் அங்கேயே தேடிப் பிடித்து, உடை மாற்றிக்கொண்டு பதவியேற்புக்கு வரச் சொன்னார். எம்.பி.யாகக்கூட இல்லாத ஒருவர் இந்தியாவின் கஜானாச் சாவியை வாங்கியது இப்படித்தான்.

அடுத்த சில வாரங்களில் நடந்ததில் ஒரு காலைப்பொழுதை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைப்பது என்று திட்டம். ஜூலை 1-இல் முதல் குறைப்பு. சந்தை எப்படி ஏற்கிறது என்று பார்த்துவிட்டு ஜூலை 3-இல் அதைவிடப் பெரிய இரண்டாவது குறைப்பு. மன்மோகன் தன் கைப்பட ரகசியக் குறிப்பு எழுதி ராவின் ஒப்புதலைப் பெற்றிருந்தார். மும்பையில் இதை நிறைவேற்றும் பொறுப்பு ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் சி. ரங்கராஜனிடம். அப்போது ஆளுநர் எஸ். வெங்கிடரமணன். முதல் குறைப்புக்கே அரசியல் கூச்சல் எழுந்தது. ராவ் தயங்கினார். ஜூலை 3 காலையில் மன்மோகனை அழைத்து இரண்டாவது குறைப்பை நிறுத்தச் சொன்னார். மன்மோகன் ரங்கராஜனுக்குத் தொலைபேசினார். அறிவிப்பு அதற்குள் வெளியாகிவிட்டது என்று மறுமுனையிலிருந்து பதில் வந்தது. டாலருக்குச் சுமார் 21 ரூபாயாக இருந்தது இரண்டு நாளில் 26-ஐத் தொட்டது. அந்தப் பதிலைக் கேட்டு மன்மோகன் உள்ளுக்குள் மகிழ்ந்தார் என்று அவரோடு அப்போது பணியாற்றியவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள்.

நான் இந்தக் காலையைக் கவனிப்பது வேறொரு காரணத்துக்காக. பிரதமர் நிறுத்தச் சொன்னதும் அவர் வாதாடவில்லை; உடனே தொலைபேசியை எடுத்தார். ரங்கராஜன் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் குறைப்பு நின்றிருக்கும். சீர்திருத்தத்தின் நாயகன் என்று நாம் கொண்டாடுகிறவர் அன்றும் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட அதிகாரியாகவே நடந்துகொண்டார்.

அன்று மாலைக்குள் இன்னொன்றும் நடந்தது. மதிப்புக் குறைப்பால் ஏற்றுமதியாளருக்கு லாபம் கூடிவிட்டதால், அவர்களுக்குக் கொடுத்துவந்த ரொக்க மானியத்தை நிறுத்த வேண்டும் என்று நிதியமைச்சர் விரும்பினார். வர்த்தக அமைச்சர் ப. சிதம்பரமும் செயலர் மான்டேக் சிங் அலுவாலியாவும் அதோடு இறக்குமதி உரிம முறையையும் தளர்த்தும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மன்மோகன் ஒப்புக்கொண்டதும் மூவரும் பிரதமரிடம் போனார்கள். மன்மோகனுக்குச் சம்மதமா என்று ராவ் கேட்டார். சம்மதம் என்றதும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். குழு போட்டு, அறிக்கை வாங்கி, அமைச்சரவைக்கு அனுப்பினால் ஓர் ஆண்டு ஓடியிருக்கக்கூடிய முடிவு சில மணி நேரத்தில் முடிந்தது. அதே மாதம் 46.91 டன் தங்கம் நான்கு தவணைகளாக விமானம் ஏறி இங்கிலாந்து வங்கிக்கு ஈடாகப் போனது.

ஜூலை 24-ஐ எல்லோரும் மன்மோகனின் பட்ஜெட் நாளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். உரிய காலம் வந்துவிட்ட ஒரு சிந்தனையை உலகின் எந்தச் சக்தியாலும் தடுக்க முடியாது என்று விக்டர் ஹியூகோவின் வாக்கை எடுத்தாண்டு அவர் முடித்தது அன்று மாலை. அதற்குச் சில மணி நேரம் முன்பு அதே அவையில் வேறொரு தாள் ஓசையில்லாமல் தாக்கலானது. புதிய தொழிற்கொள்கை. 18 தொழில்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் ஒழிந்தது, 34 தொழில்களில் 51 விழுக்காடு வரை அன்னிய முதலீட்டுக்குத் தானாகவே அனுமதி என்றெல்லாம் சொன்னது அந்தத் தாள்தான். தொழில்துறையை ராவ் தன்னிடமே வைத்திருந்தார். தாக்கல் செய்தவர் இணையமைச்சர் பி.ஜே. குரியன். மறுநாள் பேச்செல்லாம் பட்ஜெட்டைப் பற்றி. நேருவின் காலத்திலிருந்து வந்த ஓர் ஏற்பாட்டை முடித்துவைத்த கையெழுத்து ராவினுடையது. அரசியல் தெரிந்த ராவ் மன்மோகனை இடிதாங்கியாக வைத்துக்கொண்டார்.

இடி விழத்தான் செய்தது. பட்ஜெட்டில் உர விலை 40 விழுக்காடு உயர்ந்திருந்தது. எதிர்க்கட்சிகளைவிடக் காங்கிரஸ் எம்.பி.க்களே ஆத்திரப்பட்டார்கள். கட்சிக் கூட்டங்களில் நிதியமைச்சர் நின்று பதில் சொன்னார். ஆகஸ்டில் உயர்வு 30 விழுக்காடாகக் குறைந்தது, சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆனாலும் முழுதாக வாபஸ் வாங்க ராவ் சம்மதிக்கவில்லை. இரவல் கொடுத்தவர் பின்னால் நின்றார் என்று நான் சொல்வது இதைத்தான். வெற்றி பெற்றால் எல்லோரும் பங்கு கேட்போம், தோற்றால் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும் என்று ராவ் பாதி வேடிக்கையாகச் சொன்னதை மன்மோகனே பிற்பாடு நினைவுகூர்ந்தார். நேர்மையான ஒப்பந்தம். பங்குச்சந்தை ஊழல் பற்றிய நாடாளுமன்றக் கூட்டுக்குழு அறிக்கை 1993 இறுதியில் நிதியமைச்சகத்தைக் குறை சொன்னபோது மன்மோகன் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். ராவ் ஏற்கவில்லை.

தனி மனிதரின் சாதனையாக இதைப் பேசுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. சந்திரசேகர் அரசில் யஷ்வந்த் சின்கா நிதியமைச்சராக இருந்தபோதே மே மாதத்தில் 20 டன் தங்கம் வெளிநாட்டுக்குப் போனது. சீர்திருத்த வரைவை 1990-இலேயே அலுவாலியா எழுதிவைத்திருந்தார். வங்கித் துறையில் ரங்கராஜன் இருந்தார். இத்தனை பேரும் தயாராக வைத்திருந்ததை எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் செய்வது என்று தெரிந்த ஒருவர் நிதியமைச்சராக வந்தார் என்பதே மன்மோகனின் பங்கு. எந்த விசையை அழுத்தினால் எது நகரும் என்று அறிய, அந்த அமைப்புக்குள் இருபது ஆண்டுகள் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியரால் ஒரு மாதத்தில் இதைச் செய்திருக்க முடியாது.

அடுத்த ஐந்து ஆண்டுகளை வேகமாகக் கடக்கலாம். இறக்குமதி வரியின் உச்சம் படிப்படியாக இறங்கியது, 1994-இல் நடப்புக் கணக்கில் ரூபாய் தாராளமாக மாற்றத்தக்கதானது, சேவை வரி அறிமுகமானது, வளர்ச்சி 7 விழுக்காட்டைத் தொட்டது. 1996 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது.

குவாஹாத்தி வாக்காளர்

1991 அக்டோபரில் மன்மோகன் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்வானார். அன்றைய சட்டப்படி அந்த மாநிலத்தின் வாக்காளராக இருந்தால்தான் அங்கிருந்து போட்டியிட முடியும். அதற்காக குவாஹாத்தியில் முதல்வர் ஹிதேஸ்வர் சைகியாவின் குடும்பத்து வீட்டில் வாடகைக்கு இருப்பதாக முகவரி பதிவானது. அந்த முகவரியோடுதான் அவர் பிரதமராகவும் இருந்தார். எதிர்க்கட்சிகள் இதைப் பல ஆண்டுகள் குத்திக் காட்டின. 2003-இல் வாஜ்பாய் அரசு சட்டத்தையே திருத்தி அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

2004-இல் சோனியா காந்தி பிரதமர் பதவியை மறுத்து மன்மோகனின் பெயரைச் சொன்னபோது இந்தப் பின்னணிதான் அவருக்குச் சாதகமாக இருந்தது. தனக்கென ஒரு கோஷ்டி இல்லாதவர், தொகுதி இல்லாதவர், மாநிலக் கட்சியைக் கையில் வைத்திராதவர். கட்சிக்குள் யாருக்கும் அவரால் ஆபத்தில்லை. மே 22-இல் பதவியேற்றார். அரசுக்குக் கொள்கை யோசனை சொல்ல சோனியாவின் தலைமையில் தேசிய ஆலோசனைக் குழு அமைந்தது. சுமார் 60 எம்.பி.க்களோடு இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்தார்கள். தமிழகமும் புதுச்சேரியும் சேர்த்து 40 தொகுதிகளையும் அள்ளிய அணியின் தலைவராகக் கலைஞர் இருந்தார். 1991-இல் இரவல் கொடுத்தவர் ஒருவர். இப்போது பலர், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிபந்தனை.

முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது என்று சொல்வேன். 2005 முதல் 2008 வரை ஆண்டுக்கு 9 விழுக்காட்டை ஒட்டிய வளர்ச்சி. அதிலிருந்து வந்த வரிப்பணம்தான் 100 நாள் வேலைத் திட்டத்தையும் விவசாயக் கடன் தள்ளுபடியையும் தாங்கியது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இவற்றில் பலவும் ஆலோசனைக் குழுவும் இடதுசாரிகளும் அழுத்தம் கொடுத்து வாங்கியவை. நிதி ஒழுங்கு பேசிய மன்மோகனின் சொந்த விருப்பம் என்று சொல்ல முடியாது. கோப்புக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்க 2006-இல் அவருடைய அரசே முயன்று, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. ஆனாலும் டெண்டுல்கர் குழுவின் அளவுகோலில் 2004-05-இல் 37.2 விழுக்காடாக இருந்த வறுமை 2011-12-இல் 21.9-க்கு இறங்கியது. பல கோடிக் குடும்பங்களின் அடுப்பில் தெரிந்த மாற்றம் இது. இதைச் சொல்லாமல் அவருடைய ஆட்சியை எடைபோடுவது சரியல்ல. 2005 ஆகஸ்டில், 1984 சீக்கியர் படுகொலைக்காக வெட்கித் தலைகுனிகிறேன் என்று நாடாளுமன்றத்தில் அவர் சொன்னதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கொடுமை நடந்தபோது ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிதான்.

அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு விஷயத்தில் அவர் அதிகாரியின் பழக்கத்தை உதறினார். அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தம். 2005 ஜூலையில் புஷ்ஷுடன் கூட்டறிக்கை. இடதுசாரிகள் தொடக்கத்திலிருந்தே எதிர்ப்பு. 2007 ஆகஸ்டில் கொல்கத்தாவின் டெலிகிராஃப் நாளிதழுக்கு அளித்த பேட்டியில், ஆதரவை வாபஸ் வாங்குவதென்றால் வாங்கிக்கொள்ளட்டும் என்றார். அப்படி ஒரு வாக்கியத்தை அவரிடமிருந்து யாரும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில், ஒப்பந்தம் நடக்காவிட்டால் வாழ்க்கையே முடிந்துவிடாது என்று இறங்கிவந்தார். ஆனாலும் விடவில்லை. 2008 ஜூலை 8-இல் இடதுசாரிகள் விலகினார்கள்; அப்துல் கலாமின் ஆதரவுக் குரலைக் காரணம் காட்டி சமாஜ்வாதி கட்சி அரசின் பக்கம் வந்தது. ஜூலை 22-இல் நம்பிக்கை வாக்கெடுப்பு. பாஜக எம்.பி.க்கள் ரூபாய் நோட்டுக் கட்டுகளை அவையில் கொட்டிக் காட்டிய அவலமும் அன்றுதான் நடந்தது. 275-க்கு 256 என்று அரசு தப்பியது.

அன்று அவர் ஆற்ற வேண்டிய பதிலுரையைக் கூச்சலில் பேச முடியாமல் அவையில் வைத்துவிட்டுப் போனார். இடதுசாரிகள் தன்னைக் கொத்தடிமைபோல் நடத்த விரும்பினார்கள் என்று அதில் எழுதியிருந்தார். மின்சாரமும் சாலையும் இல்லாத ஊரில் தன் முதல் பத்து ஆண்டுகள் கழிந்ததைப் பிரதமராக இருந்த ஒவ்வொரு நாளும் நினைத்துப் பார்க்க முயன்றதாகவும் எழுதியிருந்தார். அவருடைய உரைகளில் மிக நல்லது அது. வாய்விட்டுப் பேச முடியாமல் போனது நாட்டுக்கு நஷ்டம்.

2008 ஜனவரி

அதே பிரதமர், அந்த வாக்கெடுப்புக்கு ஆறு மாதம் முன்பு என்ன செய்தார்?

2007 நவம்பர் 2 அன்று தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசாவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அலைக்கற்றை ஒதுக்கீட்டில் வெளிப்படைத்தன்மை வேண்டும், ஏலம் விடுவதையும் கட்டணத்தைத் திருத்துவதையும் பரிசீலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ராசா அன்றே பதில் எழுதினார், டிசம்பர் 26-இல் மீண்டும் எழுதினார். 2008 ஜனவரி 3-இல் மன்மோகன் அந்த இரண்டாவது கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரிக் கடிதம் அனுப்பினார். ஜனவரி 10-இல், 2001-ஆம் ஆண்டு விலைக்கே, முதலில் வருபவருக்கு முதலில் என்ற முறையில் 122 உரிமங்கள் போயின. விண்ணப்பங்களுக்கான கடைசித் தேதி பின்னோக்கி நகர்த்தப்பட்டிருந்தது. கட்டணம் கட்டச் சில மணி நேரமே அவகாசம். அதற்குள் கோடிக்கணக்கான ரூபாய்க்கு டிமாண்ட் டிராஃப்டோடு சிலரால் வந்துவிட முடிந்தது. அந்த மாதமே, பிரதமர் அலுவலகம் இந்த விவகாரத்தில் எட்டி நிற்க வேண்டும், முறையான கடிதம் எதுவும் வேண்டாம் என்று பிரதமர் விரும்புவதாக ஒரு குறிப்பு கோப்பில் ஏறியது. அது பின்னாளில் வெளியானது.

நவம்பர் 2 கடிதத்தைப் படித்தால் பொருளாதார நிபுணரின் கை தெரிகிறது. பற்றாக்குறையான பொது வளத்தை எப்படி விற்க வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை எழுதினார், அனுப்பினார், பதில் வந்ததும் கோப்பை மூடினார். தலைமைப் பொருளாதார ஆலோசகர் இப்படிச் செய்தால் அவர் கடமையைச் செய்துவிட்டார் என்போம். பிரதமருக்கு மேலே கோப்பை அனுப்ப இடமில்லை. அமைச்சரவையைக் கூட்டியிருக்கலாம். ஏலம்தான் என்று உத்தரவிட்டிருக்கலாம். அணுசக்தி ஒப்பந்தத்துக்காக ஆட்சியையே பணயம் வைத்தவரால் இது முடியாது என்று சொல்ல முடியாது. இதற்காக வைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவர் வாழ்க்கையில் எனக்கு மன்னிக்கக் கடினமாக இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

2011 பிப்ரவரியில் தொலைக்காட்சி ஆசிரியர்களைச் சந்தித்தபோது, கூட்டணியில் யார் அமைச்சர் என்பதை அந்தந்தக் கட்சியின் தலைமைதான் முடிவு செய்கிறது, பிரதமர் விருப்பத்தைச் சொல்லலாம், அதற்கு மேல் முடியாது என்றார். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. 2009 மே மாதம் இலாகாப் பேச்சு இழுபறியானதால் பிரதமரின் பதவியேற்பு விழாவையே திமுக புறக்கணித்ததும், சில நாளில் ராசாவுக்கே அந்தத் துறை திரும்பக் கிடைத்ததும் நாம் பார்த்தவை.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1.76 லட்சம் கோடி என்ற தணிக்கைத் துறைத் தலைவரின் உத்தேச இழப்பு, ராசா விலகல், ஒரு குளிர்காலக் கூட்டத்தொடரே முடங்கியது, 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அதை எதிர்த்து சிபிஐ மேல்முறையீடு செய்தது. குற்றவியல் வழக்கில் நிரூபணம் ஆகவில்லை என்பது ஒன்று, உரிமம் கொடுத்த முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டில் கூட்டணிக் கட்சியின் மேல் பழி போடவும் வழியில்லை. சர்ச்சைக்குரிய ஒதுக்கீடுகளில் பல நடந்த 2006-09 காலத்தின் பெரும்பகுதியில் அந்தத் துறை அவரிடமே இருந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 214 சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. அவர் தனக்காக ஒரு காசு எடுத்தார் என்று எதிரிகளாலும் நிறுவ முடியவில்லை.

கொடுத்தவர்கள் திரும்ப வாங்கியபோது

2012 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி பட்ஜெட்டில் கட்டணத்தை உயர்த்தினார். அவருடைய கட்சித் தலைவர் மம்தா பானர்ஜிக்குப் பிடிக்கவில்லை. பிரதமரின் அமைச்சரவையில் பிரதமரின் ஒப்புதலோடு பட்ஜெட் போட்டவர் சில நாட்களில் வெளியேறி, முகுல் ராய் அந்த இடத்துக்கு வந்தார். செப்டம்பரில் மன்மோகன் ஒருமுறை நிமிர்ந்தார். டீசல் விலையை உயர்த்தி, சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அன்னிய முதலீட்டை அனுமதித்தார். மம்தா விலகினார். மன்மோகன் தொலைக்காட்சியில் தோன்றி, பணம் மரத்தில் காய்ப்பதில்லை என்று விளக்கினார். அதற்குள் விலைவாசி மூன்று ஆண்டுகளாக மக்களை வாட்டியிருந்தது. பொருளாதார மேதை ஆளும் நாட்டில் வெங்காயம் ஏன் இந்த விலை என்று கேட்டவர்களுக்கு அந்த விளக்கம் போதவில்லை. அணுசக்தி ஒப்பந்தம், சில்லறை வணிகம் இரண்டிலும் அவர் துணிந்ததைப் பார்த்தால், தனக்கு முழு நம்பிக்கையுள்ள கொள்கைக்காக மட்டுமே அவர் ஆட்சியைப் பணயம் வைத்தார் என்று புரிகிறது. நிர்வாகத் தூய்மைக்காக, சகாக்களைக் கட்டுப்படுத்துவதற்காக வைக்கவில்லை.

இலங்கை விஷயத்திலும் அவருடைய நிலை இப்படியே நகர்ந்தது. 2009 மே மாத இறுதியில், போர் முடிந்த கையோடு ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. 2012, 2013-இல் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது. 2013 மார்ச்சில் திமுக ஆதரவை விலக்கிக்கொண்டது. நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்குப் பிரதமர் போகவில்லை. அந்த நான்கு ஆண்டு மாற்றத்தில் தமிழ்நாட்டின் அழுத்தம் தெரிகிறது. பிரதமருக்கென்று ஓர் அறநிலை இருந்ததற்கான தடயத்தைத் தேடினாலும் கிடைக்கவில்லை. ஈழத்தில் அத்தனை பேர் மடிந்த பிறகு இதைச் சொல்லாமல் தமிழில் அவரைப் பற்றி எழுத முடியாது.

2013 செப்டம்பரில், தண்டனை பெற்ற மக்கள் பிரதிநிதிகளின் பதவியைக் காக்கும் அவசரச் சட்டத்தை அவருடைய அமைச்சரவை நிறைவேற்றியிருந்தது. பிரதமர் அமெரிக்காவில் இருந்த வேளையில், டெல்லியில் செய்தியாளர்கள் முன் ராகுல் காந்தி அதை முழு அபத்தம், கிழித்தெறிய வேண்டியது என்றார். அந்தச் சட்டம் மோசமானது. ராகுல் சொன்ன கருத்து சரி. அமைச்சரவையின் முடிவை வெளியிலிருந்து ஒருவர் அப்படிச் சொன்ன பிறகும் பிரதமர் பதவியில் தொடர்ந்தது அவருக்கும் அந்தப் பதவிக்கும் நல்லதாக இல்லை. 2014 ஜனவரி 3 செய்தியாளர் சந்திப்பில், இன்றைய ஊடகங்களைவிட வரலாறு என்னிடம் கனிவாக இருக்கும் என்றார். மே மாதம் காங்கிரஸ் 44 இடங்களுக்குச் சுருங்கியது. அவர் 2024 ஏப்ரல் வரை, இடையில் சிறு இடைவெளியோடு, மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 26-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 92 வயதில் காலமானார்.

ஆட்சிக்குப் பிந்தைய பத்தாண்டில் அவர் பேசியவற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். 2016 நவம்பர் 24, பணமதிப்பிழப்பு அறிவிப்பு வந்து இரண்டு வாரம். மாநிலங்களவையில் பிரதமர் மோடியை வைத்துக்கொண்டு சில நிமிடங்களே பேசினார். குரல் எப்போதும்போல் மெல்லியது. இதைத் திட்டமிட்ட கொள்ளை, சட்டபூர்வமான சூறையாடல் என்றார். மக்கள் தங்கள் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு எடுக்க முடியாமல் நிற்கும் நாடு வேறு எதுவென்று பிரதமர் சொல்ல வேண்டும் என்றார். கிராமங்களுக்குச் சேவை செய்யும் கூட்டுறவு வங்கிகள் முடங்கிக் கிடப்பதைச் சுட்டிக்காட்டினார். நாட்டின் உற்பத்தி 2 விழுக்காட்டுப் புள்ளி குறையலாம், அதுவும் குறைத்தே மதிப்பிட்டது என்றார். அரசின் கணக்கில் அந்த ஆண்டு வளர்ச்சி அப்படி விழவில்லை. முறைசாராத் தொழில்களின் சேதம் அந்தக் கணக்கில் எவ்வளவு பதிவாகிறது என்று பொருளாதார நிபுணர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.